நாலு டன் சங்கம்

சங்கம் வைத்திருப்பவர்கள் தலையை எண்ணிச் சொல்வார்கள். கட்சியோ பஜனைக் குழுவோ, எதுவானாலும் அதுதான் வழக்கம். தன் சங்கத்தை எடை போட்டுச் சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். நாலாயிரத்து நூற்று இருபது கிலோ. என் கண்ணால் பார்த்தேன், ஒரு கிலோ கூட்டிச் சொல்லவில்லை. (எங்கள் மெஷின் பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும் என்பது வேறு விஷயம்.)

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் செய்தது பச்சைப் பொய், அதற்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் பேனர், அதற்கும் மேல் கொஞ்சம் வாய்மூடித்தனம். ஆனாலும் எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதால், என் தரப்பையும் ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் ஒரு எடை மேடையில் ஆபரேட்டர். லாரி நிற்கிற நீளத்துக்குத் தரையோடு ஒரு இரும்பு மேடை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, வெளியே டிரைவர் பார்ப்பதற்காகச் சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு பெட்டி. அறைக்குள் நான். வண்டி ஏறும், எடை விழும், சீட்டு அடிப்பேன், வண்டி இறங்கும். "போட்டாச்சா?" "போட்டாச்சு." தினமும் நாற்பது பேரோடு இப்படிப் பேசுவேன். யோசித்துப் பார்த்தால் ஒருவரோடும் பேசுவதில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்த படலமெல்லாம் முடிந்து, தரகர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை. கீழே முன்பக்கம் அண்ணன் அண்ணாமலையின் மளிகைக் கடை, பின்பக்கம் வீடு. சாப்பாடு அண்ணி போடுவார். அண்ணனும் நல்லவர், அண்ணியும் நல்லவர். நான் வேலை முடிந்து வருவதற்குள் அவர்கள் சாப்பிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கான தட்டு மூடி வைத்திருக்கும். அந்த மூடிய தட்டைத் திறக்கும்போது தினமும் தனியாகச் சாப்பிட மனசு வராமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அண்ணி, "இன்னா தம்பி, கொழம்புல காரம் ஜாஸ்தியா" என்று கேட்பார்.

எடை மேடையில் பத்து வருஷம் உட்கார்ந்தால் மழையைப் பற்றி நாலு விஷயம் தானாகத் தெரிந்துவிடும். கல்வராயன் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் மரவள்ளிக்கிழங்கு லோடு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் வழியில் என் மேடையில்தான் ஏறும். அதே வண்டி, அதே காடு, அதே ஆள். வருஷா வருஷம் எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு வருஷம், "எடுக்கற நேரத்துல ஊத்துச்சி, கெழங்கு அழுவிப்போச்சி" என்பார்கள். அடுத்த வருஷம், "பேய வேண்டிய நேரத்துல பேயல, காஞ்சிப்போச்சி" என்பார்கள். மழை தன் முறையை மறந்துவிட்டது என்பதை என்னைவிடத் துல்லியமாகக் கிலோவில் பார்த்தவர் இந்த வட்டாரத்தில் இருக்கமாட்டார்.

ஒரு மத்தியானம் வண்டியே வரவில்லை. போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஒரு டீத்தூள் கம்பெனியைப் பற்றியது. பெயர் வேண்டாம். 'அந்த டீத்தூள்' என்று வைத்துக்கொள்வோம். பச்சைப் பாக்கெட், அதன் மேல் ஒரு மரக்கன்று படம், பூமியைக் காப்போம் என்று ஒரு வாசகம். இதே கம்பெனி, பெரிய கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்புக்கு வருஷா வருஷம் சந்தா கட்டுகிறது. அந்தக் கூட்டமைப்பின் முக்கிய வேலை, டெல்லிக்குப் போய், மழையைக் குழப்பும் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் எது வந்தாலும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், கொஞ்சம் தளர்த்துங்கள் என்று மந்திரிகளின் வாசலில் நிற்பது. பாக்கெட்டில் மரம் நடுகிற கை வேறு, டெல்லியில் தட்டுகிற கை வேறு.

"வாங்குகிறவர்கள் நாம்தான். நாம் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒன்று கூட்டமைப்பை விட்டு விலகு, இல்லை பாக்கெட்டிலிருந்து மரத்தை எடு" என்று வீடியோவில் ஒரு அம்மா பேசினார். பெயர் ஹேமா. சென்னை. சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ மீட்டிங், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றார்.

சேர்ந்தேன். கொள்கைப் பிடிப்பு என்று சொல்ல ஆசைதான். உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் எனக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. திரையில் பதினோரு கட்டங்கள், பதினோரு முகங்கள், ஊருக்கு ஒருவர். இரண்டாவது வாரம் ஹேமா மேடம், "வாங்க ஏழுமலை, போன வாரம் உங்க ஊர்ல மழைன்னு சொன்னீங்களே, நின்னுதா?" என்று கேட்டார். போன வாரம் நான் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வைத்திருந்து ஒருவர் கேட்பது எனக்கு எவ்வளவு புதிதாக இருந்தது என்றால், மழை நின்றதா இல்லையா என்பதே மறந்துபோய், "இருக்கேன் மேடம்" என்றேன்.

(காதலா என்று நீங்கள் கேட்க வேண்டாம். அண்ணி ஏற்கெனவே கேட்டுவிட்டார். ஹேமா மேடத்துக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது கூட, கல்லூரி போகும் மகள் இருக்கிறாள்.)

மூன்றாவது மீட்டிங்கில் வந்தது வினை. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார் மேடம். விழுப்புரம் பன்னிரண்டு. கடலூர் இருபது. திருச்சி நாற்பது. சென்னையில் முந்நூறு என்று அவரே சொன்னார். என் முறை வந்தது. எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது எண்பது.

எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பதினோரு முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் வாராவாரம், "கள்ளக்குறிச்சியைப் பாருங்க, ஒரு சின்ன ஊர்ல எண்பது பேர்" என்று என்னை உதாரணம் காட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். எங்கள் உறுப்பினர்கள் மிகவும் சுறுசுறுப்பானவர்கள் என்று ஒருமுறை சொல்லிக்கூட வைத்தேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஹேமா மேடம், "கம்பெனிக்கு அனுப்பற கடிதம் தயார். முதல் கையெழுத்து கள்ளக்குறிச்சிக்காரங்களோடதுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். உங்க எண்பது பேரையும் பார்க்கணும்" என்றார்.

மாட்டினால் என்ன, ஜெயிலிலா போடப்போகிறார்கள் என்று கேட்கலாம். எனக்கு வாரத்தில் ஆறு நாள் அந்தக் கண்ணாடி அறை. ஏழாவதாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் போய்விட்டால், பேர் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் எனக்கு மிச்சம் இருப்பது லாரி ஹாரன் மட்டும்தான். பயம் அதுதான், வேறொன்றுமில்லை.

முதலில் அண்ணனிடம் போனேன். கடைக்கு மேலே மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையே அந்த டீத்தூள் கம்பெனி போட்டுக் கொடுத்தது. முக்கால்வாசிப் பலகை அவர்கள் பாக்கெட், மிச்சம் கால்வாசியில் 'அண்ணாமலை மளிகை'. அதன் கீழே நின்றுகொண்டுதான் கையெழுத்துக் கேட்டேன்.

"டேய், அவன் டில்லில போய் இன்னா பேசனா நமக்கு இன்னாடா?" என்றார் அண்ணன்.

"மழ கெட்டுப்போவுதுண்ணா."

"டீத்தூளாலயா?"

"டீத்தூளால இல்லண்ணா. டீத்தூள் விக்கிறவன் சந்தா கட்றான் இல்ல, ஒரு கூட்டமைப்பு, அவங்க போயி…"

"நீ மொதல்ல சாப்பிட்டியா?" என்றார் அண்ணன். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அண்ணி இன்னும் தெளிவாக இருந்தார். "அந்தத் தூளு போட்டாத்தான் தம்பி டீ டீயா இருக்குது. நீ வாங்கியாந்த தூளு கழுநீத்தண்ணி மாதிரி இருக்குது. ஒனக்கு வோணும்னா தனியா போட்டுத் தர்றேன். கையெழுத்தெல்லாம் கேக்காத." அன்றிலிருந்து அடுப்பில் எனக்கென்று ஒரு தனிப் பாத்திரம். நான் ஆரம்பித்த புறக்கணிப்பில் முதலில் புறக்கணிக்கப்பட்டது நான்தான்.

டிரைவர்களிடம் கேட்டேன். ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கும். ஒரு கிழங்கு லாரிக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, "பொகைய நிறுத்தணும்ன்ற. அப்ப மொதல்ல என் வண்டிய இல்ல நிறுத்தணும்? சீட்ட குடு சார், ஆல மூடிடுவான்" என்றார். அதற்குள் பின்னால் இன்னொரு வண்டி ஹாரன் அடித்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. எங்கள் பக்கத்தில் காது குத்தலிலிருந்து கருமாதி வரை ஊருக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றால் ஃபிளெக்ஸ்தான். என்னோடு பள்ளியில் படித்த சேகர் பேனர் கடை வைத்திருக்கிறான். ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். அவன் மேலும் கீழும் பார்த்தான்.

"இவ்ளோ எழுத்த எவன்டா நின்னு படிப்பான்? எழுத்து கம்மி, படம் ஜாஸ்தி. அதான் பேனரு. ஒன் போட்டோ குடு."

"என் போட்டோ எதுக்குடா?"

"போட்டோ இல்லாத பேனர நீ எங்கனா பாத்துக்கிறியா?"

பார்த்ததில்லை. பெண் வீட்டுக்கு அனுப்பப் பத்து வருஷத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். அதில் கை கட்டி நின்றிருந்தேன். அழைப்புக்குக் கும்பிட வேண்டும் என்று சேகர் வேறு யாருடைய கும்பிடும் உடம்பையோ எடுத்து என் கழுத்துக்குக் கீழே வைத்தான். வேட்டி, சட்டை, கையில் தங்க மோதிரம். எனக்கு மோதிரமே கிடையாது. பக்கத்தில் அந்த டீத்தூள் பாக்கெட், கம்பெனியின் இணையதளத்திலிருந்தே எடுத்தது, பளபளவென்று என் உயரத்துக்கு. மேலே 'வருக! வருக!'. நடுவில் ஞாயிறு காலை பத்து மணி, எடை மேடை. நான் எழுதியதைச் சுருக்கி, 'இரட்டை வேடத்துக்குப் பதில் சொல்' என்ற ஒரு வரி மட்டும் அடியில்.

அவ்வளவு பெரிதாக என் முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணி மட்டும் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "எங்க போட்டோ போடணும்னு ஒனக்குத் தோணல இல்ல?" என்றார். கொள்கைக்கு எதிராகக் கையெழுத்து மறுத்தவருக்கும் பேனரில் இடம் வேண்டும்.

மூன்று பேனர். ஒன்று கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில், ஒன்று கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில், ஒன்று மலைக்குப் பஸ் ஏறும் இடத்தில். அடி வரி இருக்கிறதே, அந்த 'இரட்டை வேடம்', அது மார்க்கெட்டில் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் போய்விட்டது. மற்ற இரண்டு இடத்தில் கம்பத்தில் சுருட்டிக் கட்டியதில் மடிந்துவிட்டது. மிச்சம் ஊருக்குத் தெரிந்தது என் கும்பிடும் பாக்கெட்டும்தான்.

மறுநாளே ஒருவர் மேடைக்கு வந்து கை கொடுத்தார். "இன்னா ஏழுமல, ஏஜென்சி எடுத்துக்கிறியாமே. நல்லா இருப்பா."

நான் மறுத்தேன். பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, "சரி சரி, தெறப்பு விழாக்கு வர்றேன்" என்று போய்விட்டார். அடுத்தவருக்கும் விளக்கினேன். மூன்றாமவர், "சாம்பிள் பாக்கெட்டு குடுப்பீங்களா?" என்று கேட்டார். அவருக்கும் விளக்கியிருக்க வேண்டும். ஆனால் அவர், "வூட்ல அல்லாரயும் கூட்டிக்கினு வர்றேன்" என்றார். எல்லாரையும் என்றால் எத்தனை பேர் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. "வாங்க, பேசிக்கலாம்" என்றேன். அதற்கப்புறம் கேட்ட எல்லாருக்கும் அதே பதில்தான். இன்றைக்கு நினைத்தாலும் கூசுவது நான் சொல்லாத அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான்: சாம்பிள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹேமா மேடம் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி வந்து இறங்கினார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் கடிதம். கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நானும்தான். அடிவாரத்திலிருந்து, மார்க்கெட்டிலிருந்து, கரியாலூர் பக்கமிருந்து மலை பஸ்ஸில் என்று வந்துகொண்டே இருந்தார்கள். நிறையப் பேர் கையில் காலிப் பை. முன்தினம் பெய்த வேண்டாத மழையில் சுற்றுப்பக்கமெல்லாம் சேறு. காய்ந்திருந்தது எடை மேடை மட்டும்தான். எல்லாரும் அதன் மேல் ஏறி நின்றுகொண்டார்கள்.

மைக் செட்டுக்கு என் அறையிலிருந்துதான் கரண்ட். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் உள்ளேயே இருந்தேன். (பயந்துகொண்டு என்று படிக்கவும்.) அறைப் படியில் நின்றிருந்த மேடம், மைக்கை வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டார்.

"ஏழுமலை, எத்தனை பேர் இருப்பாங்க?"

பத்து வருஷப் பழக்கம். என் கண் தானாக மெஷினுக்குப் போனது.

"நாலு டன் இருக்காங்க மேடம்."

"என்னது?"

"நாலாயிரத்து நூத்தி இருபது கிலோ."

மேடம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

நன்றாகத்தான் பேசினார். மழை, வெயில், புகை, டெல்லி என்று எளிமையாகவே சொன்னார். பரிசு கொடுப்பதற்கு முன்னால் யாராவது பேசுவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் மக்களுக்கு நன்றாகத் தெரியும். பொறுமையாக நின்றார்கள். டீத்தூளின் பெயரை மேடம் முதல்முறை சொன்னதும் பலத்த கைதட்டல். மேடம் திகைத்துப்போனார். இந்தக் கம்பெனி நம்மை ஏமாற்றுகிறது என்றார். பெயர் வந்ததால் மறுபடியும் கைதட்டல். "பதில் சொல்லும்வரை நாம் இதை வாங்கக் கூடாது" என்றார். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "வாங்க வோணாமாம், சும்மாவே குடுப்பாங்களாம்" என்று விளக்கியது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் பச்சை வேன் வந்தது.

அந்தக் கம்பெனியின் ஏரியா சேல்ஸ்மேன். கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் என் பேனரைப் பார்த்துப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறார். கம்பெனி கேட்காமலே ஒரு வாடிக்கையாளர் இவ்வளவு பெரிய பேனர் வைத்திருக்கிறார் என்று மேனேஜர் உருகிப்போய், ஒரு வேன் நிறையச் சாம்பிள் அனுப்பிவிட்டார். சேல்ஸ்மேன் இறங்கி வந்து ஜன்னல் வழியாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், ஒங்கள மாதிரி ஒரு ஆள நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரைக் குற்றம் சொல்ல முடியாது. பின்னால் அவர் வேனின் கதவைத் திறந்துவிட்டார்கள்.

நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4120 அசையாமல் இருந்தது. அப்புறம் 3860. அப்புறம் 2910. மேடம் இன்னும் மைக்கில், "ஒரு நிமிஷம், தயவுசெஞ்சு ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1740. 900. ஒரு சங்கம் கரைவதை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கும் கொடுமை வேறு எந்தத் தலைவனுக்கும் வந்திருக்காது. 310. 120. அந்தச் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். சும்மா கண் வேர்த்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன், அழுதேன்.

50-இல் நின்றது.

சைபருக்கு வரவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். மேடைக்கு நடுவில் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். காலடியில் ஒரு சின்ன மூட்டை. எல்லாரும் வேன் பக்கம் முண்டியடிக்க, அவர் மட்டும் என் அறையையே பார்த்தபடி நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.

"நீங்க சாம்பிள் வாங்கலியாம்மா?"

"அது கெடக்குது. பேசிக்கினு இருக்காங்க, பாதில எறங்கிப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். பெயர் வெள்ளையம்மா, கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூர், கொஞ்சம் மரவள்ளியும் சாமையும் போடுகிறவர். பேனரில் எழுதியிருந்ததை அவருக்குப் படிக்கத் தெரியாது. "பஸ் ஏற்ற எடத்துல பாத்தங்ணா. இவ்ளோ பெருசா கும்ட்டுக்கினு கூப்புடறாரு ஒரு மனுசன், வராம இருந்தா மரியாதயா?"

அந்தக் கும்பிட்ட கை என்னுடையது இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதில் என் கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன், டெல்லி, கூட்டமைப்பு, சந்தா, கடிதம் எல்லாம். எண்பது பேர் என்று சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னேன். மேடம் பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

வெள்ளையம்மா கேட்டார்: "கையெழுத்து போட்டா மழ ஒழுங்கா பேயுமா?"

"தெரியலம்மா."

"அந்தக் கம்பெனிக்காரங்க கேப்பாங்களா?"

"அதுவும் தெரியல."

"தெரியலன்னு சொல்றீங்க இல்ல, அப்ப போட்றன். பேயும் பேயும்னு சொன்னவங்களுக்கு எவ்ளவோ போட்டுக் குடுத்தாச்சி" என்று கட்டை விரலை நீட்டினார். மேடம் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். மை இல்லை. சீட்டுக்கு ரப்பர் முத்திரை வைக்கிற என் மைப்பெட்டியைக் கொண்டுவந்தேன். ஊதா நிறத்தில் விழுந்தது ரேகை. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் மேடத்தை பஸ் ஏற்றிவிடப் போனேன். மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். பஸ்ஸைப் பார்த்த பிறகுதான் சொன்னார்.

"ஏழுமலை, சென்னையில முந்நூறு பேர்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா மேடம்."

"அது நான்தான்."

ஏறிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மீட்டிங்கில் அவரே முதலில் ஆரம்பித்தார். "சென்னை, ஒண்ணு." அப்புறம் விழுப்புரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு" என்றது. திருச்சி ஒன்று. கடலூர், "அம்மாவைச் சேக்கலாம்னா ரெண்டு, ஆனா அவங்களுக்கு எதுன்னு புரியல, அதனால ஒண்ணு" என்றது. ஊர் ஊராக ஒன்று ஒன்று என்று வந்து என்னிடம் நின்றது. "கள்ளக்குறிச்சி, ரெண்டு" என்றேன். எங்கள் கிளைதான் பெரியது. எல்லாரும் சிரித்தோம். திரையில் ஒருவர் சிரிப்பு ஒருவர் மேல் விழுந்து உடைந்து கேட்டது. அவ்வளவு தனியான பதினோரு பேர் ஒன்றாகச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கடிதம் போனது. கம்பெனி பதில் எழுதியது: எங்கள் தேநீரின் மீது நீங்கள் கொண்டுள்ள அன்புக்கு நன்றி. அடுத்த வருஷம் அவர்கள் கடைகளுக்குக் கொடுத்த காலண்டரில் ஒரு படம் இருந்தது. எடை மேடை நிறைய ஜனங்கள், பின்னால் என் பேனரிலிருந்து வெட்டி ஒட்டிய ஒருவர் தங்க மோதிரத்தோடு கும்பிடுகிறார். வருஷம் தாண்டியும் அண்ணன் அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டித்தான் வைத்திருக்கிறார். "நம்ம குடும்பத்துல காலண்டர்ல வந்தவன் இவன் ஒருத்தன்தான்" என்று வருகிறவர்களிடம் காட்டுகிறார்.

பதினோரு கட்டங்கள் எட்டாகி, ஐந்தாகி, ஒரு சனிக்கிழமை நான் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹேமா மேடம் மகளோடு வெளிநாடு போய்விட்டார், பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்புவார். நான் இன்னும் வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுகிறேன். அந்தக் கூட்டமைப்பில் இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. போன தடவை பாக்கெட்டில் மரக்கன்று கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

வெள்ளையம்மா எப்போதாவது மார்க்கெட்டுக்கு வரும்போது மேடை வாசலில் இறங்குவார். மூட்டையோடு மேலே ஏறி நின்று, "எவ்ளோங்ணா?" என்பார். மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு நானும் ஏறி நிற்பேன். நூற்று இருபது. அன்றைக்கு எங்கள் பொதுக்குழு.

மற்ற நாளெல்லாம் கடைசி வண்டி போனதும், அறையைப் பூட்டுவதற்கு முன்னால், நான் மட்டும் ஏறி நின்று சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். தட்டு மூடி வைத்திருக்கும். டி.வி. முன்னாலிருந்து அண்ணி திரும்பாமலே கேட்பார். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இதைக் கேட்க மறந்ததில்லை.

"இன்னா தம்பி, சங்கம் இன்னிக்கி எவ்ளோ எடை?"

"எழுவது அண்ணி."

"நேத்தும் எழுவதுதான?"

"ஆமா அண்ணி. கொறையல."